படம் போட மட்டும் கடைசில கூப்பிடாதீங்க

எங்க கொள்ளுத் தாத்தாவுக்கு ஒரு நம்பர் இருந்துச்சு. மெட்ராஸ்ல கப்பல் ஏறி தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல இறங்கினப்போ குடுத்தது, கலோனியல் நம்பர்னு சொல்லுவாங்க. 1860லேர்ந்து 1911 வரைக்கும் நட்டாலுக்கு, முக்கியமா கரும்புத் தோட்டத்துக்கு, ஒப்பந்தக் கூலியா வந்த 1,52,184 பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு. கப்பல் லிஸ்ட்டை எடுத்துப் பாத்தீங்கன்னா பேரு ஒரு மாதிரி எழுதியிருக்கும், அப்பா பேரு வேற மாதிரி இருக்கும், ஊரு பேரு வாயிலயே நுழையாது, ஆனா நம்பர் மட்டும் பளிச்சுன்னு இருக்கும். இன்னிக்கும் இங்க யாராவது தன் குடும்பம் தமிழ்நாட்டுல எந்த ஊருன்னு தேடணும்னா முதல்ல அந்த நம்பரைத்தான் தேடணும்.

ஆர்க்டிக், அதான் வட துருவப் பக்கம், அதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சப்போ என்னை ரொம்ப உலுக்கினதும் ஒரு நம்பர்தான். கனடா வடக்குல இருக்கற இன்யூட் மக்களுக்கு 1940-கள்ல அரசாங்கம் சின்னதா ஒரு வட்டத் தகடு குடுத்துச்சு, கழுத்துல மாட்டிக்கணும் இல்லாட்டி துணியோட சேத்து தச்சுக்கணும். கிழக்குல இருக்கறவங்களுக்கு ஈ, மேற்குல இருக்கறவங்களுக்கு டபிள்யூ, அதுக்குப் பின்னாடி எண்கள். ஆபீசருங்களுக்கு அவங்க பேரைச் சொல்லவும் வரல, எழுதவும் வரல, அதனால நம்பர் போட்டுட்டாங்க. 1968லேர்ந்து 1971 வரைக்கும் ஏப் ஓக்பிக்ங்கற இன்யூட் தலைவர் ஊர் ஊரா போய் ஒவ்வொரு குடும்பத்துக்கிட்டயும் உங்களுக்கு என்ன பேரு வேணும்னு கேட்டுப் பதிஞ்சாரு, அதுக்கப்புறம்தான் அந்தத் தகடு வழக்கத்துல இருந்து போச்சு. உலகத்தோட இந்தக் கோடியில எங்க ஆளுங்களுக்கும் அந்தக் கோடியில அவங்களுக்கும் ஒரே ராஜாங்கத்தோட ஆளுங்க ஒரே மாதிரி நம்பர் குடுத்திருக்காங்கன்னு தெரிஞ்சதும் எனக்கு ஆர்க்டிக் வெறும் வெள்ளைக் கரடி, ஐஸ், டாக்குமெண்டரின்னு தோணறது நின்னு போச்சு.

இதெல்லாம் ஏன் படிச்சேன்னா, என் அண்ணன் மக கேப் டவுன்ல கடல் விஞ்ஞானம் படிக்கறா, நான் டர்பன் பக்கத்துல சாட்ஸ்வொர்த்துல ஸ்கூல் பசங்களுக்கு ட்ராயிங் சொல்லிக் குடுக்கறவ. அவ ஒரு நாள் போன் பண்ணி, "அத்தே, துருவ ஆராய்ச்சியையும் கலையையும் சேத்து ஒரு ப்ராஜெக்ட் பண்ணலாம்னு எங்க பசங்க பேசிக்கறாங்க, ரிசல்ட் எல்லாம் வந்ததும் ஒரு ஆர்ட்டிஸ்ட்டைக் கூப்பிட்டு அழகா படம் போட வெச்சா ஜனங்களுக்கு ஈஸியா புரியும்ல, நீங்க என்ன சொல்றீங்க"ன்னு கேட்டா. கொஞ்சம் படிச்சிட்டு சொல்றேன்மான்னேன், படிப்பு என்னை ரொம்ப தூரம் இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. அவளுக்கு வாட்ஸாப்ல வாய்ஸ் நோட் வாய்ஸ் நோட்டா அனுப்பினதைத்தான் சேத்து இங்க எழுதறேன், ஏன்னா ஓவியம் வரையற எல்லாரும், ஆராய்ச்சி பண்ற எல்லாரும் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

நான் அவளுக்குச் சொன்ன பதில் இதுதான், ரிசல்ட் வந்தப்புறம் யாரையும் கூப்பிடாதீங்க, என்ன கேள்வின்னு எழுதற அன்னிக்கே கூப்பிடுங்க, ஆர்ட்டிஸ்ட்டையும் கூப்பிடுங்க, அந்த இடத்துல வாழற ஜனங்களை அதுக்கும் முன்னாடி கூப்பிடுங்க. நாள் குறிச்சு, மண்டபம் புடிச்சு, சமையலும் முடிச்சிட்டு அதுக்கப்புறம் பொண்ணு வீட்டுக்குச் சொல்லி அனுப்பற மாதிரி இருக்கக் கூடாது.

"ஏன் அத்தே, அவங்ககிட்ட பேட்டி எடுத்துக்கிட்டா போதாதா"ன்னா. போதாதுன்னு எனக்குத் தெளிவா புரிஞ்சது திமிங்கலக் கதையைப் படிச்சப்போதான், அதைக் கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

அலாஸ்காவோட வட முனையில உட்கியாக்விக்னு ஒரு ஊரு, முன்னாடி பாரோன்னு சொல்லுவாங்க. அங்க இருக்கற இன்யுப்பியாட் மக்கள் தலைமுறை தலைமுறையா போஹெட் திமிங்கலத்தை வேட்டையாடி, ஊரே பங்கு போட்டு சாப்பிட்டு வாழறவங்க. 1977ல சர்வதேச திமிங்கல ஆணையம் இந்த வேட்டையை அப்படியே நிறுத்தணும்னு முடிவு பண்ணுச்சு, ஏன்னா விஞ்ஞானிங்க கணக்குப்படி மிச்சம் இருந்தது ரெண்டாயிரத்துக்கும் கம்மி. அந்தக் கணக்கு எப்படி வந்துச்சுன்னா, வசந்த காலத்துல ஐஸ் விளிம்புல உக்காந்துக்கிட்டு, ஐஸ் பிளந்து கிடக்கற தண்ணிப் பாதையில எத்தனை திமிங்கலம் மேல வந்து மூச்சு விடுதுன்னு கண்ணால எண்ணினதுதான். வேட்டைக்காரங்க அது தப்புன்னாங்க. இந்தத் தண்ணிப் பாதையில வர்றது ஒரு பங்குதான், மிச்சம் இன்னும் தள்ளி, உங்க கண்ணுக்கு எட்டாத தூரத்துல, ஐஸுக்கு அடியிலேயே போகுது, மூச்சு வேணும்னா தலையால முட்டி ஐஸை உடைச்சுக்கும்னு சொன்னாங்க. விஞ்ஞானிங்க நெனச்சிருந்தது என்னன்னா ஐஸ் மூடிடுச்சுன்னா திமிங்கலம் அங்கேயே நின்னுடும், திறக்கற வரைக்கும் காத்திருக்கும்னு.

இதுக்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. இன்யுப்பியாட் மக்கள் 1977லயே தங்களுக்குன்னு ஒரு திமிங்கல ஆணையம் அமைச்சுக்கிட்டாங்க. அந்தப் பகுதியோட உள்ளாட்சி, நார்த் ஸ்லோப் பரோ, எண்ணெய்க் கம்பெனிங்ககிட்ட இருந்து வர்ற வரிப் பணத்துல தாங்களே விஞ்ஞானிங்களை வேலைக்கு வெச்சு, வேட்டைக்காரங்க சொன்னது நெசமான்னு பாக்க வெச்சாங்க. தண்ணிக்கடியில ஹைட்ரோபோன் இறக்கி திமிங்கலத்தோட குரலைக் கேட்டாங்க, விமானத்துல இருந்து கடலைத் தள்ளித் தள்ளிப் பாத்தாங்க. கண்ணுல படாம, மூடின ஐஸுக்கு அடியிலயும் கரையில இருந்து ரொம்ப தள்ளியும் திமிங்கலங்க போய்க்கிட்டே இருந்துச்சு, பெரியவங்க சொன்ன மாதிரியே. 2001 கணக்கெடுப்புல பத்தாயிரத்துக்கு மேல வந்துச்சு, 2011ல 16,800 கிட்ட. அது நடுவுல நெசமாவே பெருகினதும் உண்டு, ஆனா ஆரம்பத்துல போட்ட கணக்கு ரொம்பக் குறைச்சல்ங்கறதை இப்போ யாரும் மறுக்கறதில்ல.

வயசு விஷயமும் இப்படித்தான். வேட்டையாடின திமிங்கலத்தோட கொழுப்புக்குள்ள பழைய காலத்துக் கல் ஈட்டி முனை, தந்த ஈட்டி முனையெல்லாம் கிடைச்சுது, அந்த மாதிரி ஈட்டி பல தலைமுறைக்கு முன்னாடியே வழக்கத்துல இருந்து போயிடுச்சு. அப்போ இந்த மிருகத்துக்கு வயசு நூத்துக்கு மேல இருக்கணும்ல. 1999ல கண் லென்ஸை வெச்சு சோதிச்சுப் பாத்தப்போ ஒண்ணுக்கு இருநூறு வருஷத்துக்கும் மேலன்னு வந்துச்சு. ஈட்டி முனையை எடுத்தவன் வேட்டைக்காரன், லென்ஸைச் சோதிச்சவன் விஞ்ஞானி, ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காந்ததால வந்த அறிவு அது.

அவகிட்ட நான் அழுத்திச் சொன்னது இதைத்தான்: அங்க அந்த ஜனங்க வெறும் பேட்டி குடுக்கல. கேள்வி அவங்களுது, பணம் அவங்களுது, ஆளை வெச்சதும் அவங்க. அதனாலதான் பதில் மாறிச்சு.

நம்ம தென்னாப்பிரிக்கா ஆளுங்களுக்கு இது சட்டுன்னு உறைக்காது, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. நமக்குத் துருவம்னா அண்டார்டிக்கா. நம்ம கப்பல், நம்ம ஸ்டேஷன் எல்லாம் அங்கதான் போகுது. அங்க பூர்வகுடின்னு யாரும் இல்ல, கேக்கறதுக்கு ஆள் இல்ல, நேரா போய் இறங்கி அளந்துட்டு வரலாம். தமிழ்நாட்டுல இருந்து படிக்கறவங்களுக்கும் இதையே சொல்லலாம், இந்தியாவோட ஹிமாத்ரி ஸ்டேஷன் 2008லேர்ந்து நார்வேயோட ஸ்வால்பார்ட் தீவுகள்ல நீ ஆலெசுண்ட்ல இருக்கு, 2014ல அங்க ஃபியோர்டுல, அதாவது மலைக்கு நடுவுல உள்ள நுழையற கடல்ல, இறக்கின இண்டார்க்ங்கற கடல் கண்காணிப்புக் கருவி சென்னையில இருக்கற கடல் தொழில்நுட்ப நிறுவனத்து ஆளுங்க செஞ்சது, நமக்கெல்லாம் பெருமையான விஷயம். ஆனா ஸ்வால்பார்ட்லயும் பூர்வகுடி கிடையாது. அப்படிப்பட்ட இடத்துல பழகின கை கிரீன்லாந்துலயோ கனடா வடக்குல இருக்கற நூனாவுட்லயோ போய் இறங்கினா, அங்கயும் வெறும் ஐஸ்னே பாக்கும். கனடா, அலாஸ்கா, கிரீன்லாந்து, ரஷ்யான்னு நாலு இடத்துல மொத்தம் சுமார் 1,80,000 இன்யூட் மக்கள் இருக்காங்க, ஸ்காண்டிநேவியா பக்கம் ஸாமி மக்கள், சைபீரியாவுல நெனெட்ஸ், இன்னும் எத்தனையோ பேர் இருக்காங்க.

ரெண்டு காணாமப் போன கப்பல் கதையை எடுத்துக்கோங்க, வித்தியாசம் நல்லா தெரியும். அண்டார்டிக்காவுக்குப் பயணம் போன ஷேக்கிள்டனோட எண்டியூரன்ஸ் கப்பல் 1915ல அங்க வெட்டெல் கடல்ல முழுகிச்சு. 2022 மார்ச் 5ஆம் தேதி நம்ம எஸ்.ஏ. அகுல்ஹாஸ் 2 கப்பல்ல போன குழு அதை 3,008 மீட்டர் ஆழத்துல கண்டுபிடிச்சாங்க, கேப் டவுன்ல இருந்து கிளம்பின கப்பல், நாங்க எல்லாம் டிவில பாத்து சந்தோஷப்பட்டோம். அங்க கைகுடுத்தது கேப்டன் வொர்ஸ்லி அன்னிக்கு எழுதி வெச்ச இடக்குறிப்பு, அதுலேர்ந்து சில மைல் தள்ளித்தான் கப்பல் கிடந்துச்சு. அங்க வேற சாட்சி யாரும் இல்ல.

ஆர்க்டிக்ல ஃப்ராங்க்ளின்ங்கற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1845ல ரெண்டு கப்பல் எடுத்துக்கிட்டுப் போனாரு, எரெபஸ், டெரர். 129 பேரும் செத்துப் போனாங்க. அங்க சாட்சி இருந்தாங்க. 1854லயே ஜான் ரேங்கறவர் இன்யூட் மக்கள் சொன்னதைக் கேட்டு லண்டனுக்குச் சேதி கொண்டு வந்தாரு, பசி தாங்காம கடைசியில செத்தவங்க உடம்பையே தின்னாங்கங்கறதும் அதுல இருந்துச்சு. லண்டன் அதை ஏத்துக்கல, சார்ல்ஸ் டிக்கன்ஸ் அளவுக்குப் பெரிய ஆளு தன் பத்திரிகையில அந்த ஜனங்க சொல்றதை நம்ப முடியாதுன்னு எழுதினாரு. கப்பல் எந்தப் பக்கம் முழுகிச்சுன்னு இன்யூட் பெரியவங்க வாய்மொழியா பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கிட்டே வந்தாங்க, ஜோவா ஹேவன் ஊர்க்காரர் லூயி கமூக்காக் வாழ்நாள் முழுக்க அந்தக் கதைங்களைச் சேத்து வெச்சாரு. 2014ல எரெபஸ் கிடைச்சது அந்தக் கதைங்க சொன்ன பக்கத்துலயே. ரெண்டு வருஷம் கழிச்சு டெரர் கிடைச்சது, அதே ஊரு சாமி கோக்விக் தான் முன்னாடி ஐஸ்ல ஒரு பாய்மரம் நீட்டிக்கிட்டு இருந்ததைப் பாத்தேன்னு சொன்ன குடாவுல. எலும்புகளை வெச்சு பின்னாடி நடந்த ஆராய்ச்சியும், உடம்பை வெட்டின கத்திக் கோடுகளைக் காட்டி, ரே கொண்டு வந்த சேதியை உறுதி பண்ணிடுச்சு. நூத்தி அறுபது வருஷம் ஆச்சு ஒரு ஜனம் சொன்னதை நம்ப.

சில விஷயங்களைப் படிக்கும்போது எனக்குக் கோவம் வந்துச்சு, அதையும் சொல்லிடறேன். 1897ல ராபர்ட் பியரிங்கற அமெரிக்கத் துருவப் பயணி வடக்கு கிரீன்லாந்துல இருந்து ஆறு பேரை நியூயார்க் மியூசியத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு, கொஞ்ச மாசத்துல நாலு பேர் காச நோயில செத்துட்டாங்க. அதுல ஒருத்தரோட பையன் மினிக், சின்னப் பிள்ளை, அவன் பாக்க அப்பாவைப் புதைக்கற மாதிரி சடங்கு நடத்திட்டு, எலும்பை மியூசியத்துல வெச்சுக்கிட்டாங்க. 1993லதான் அந்த எலும்பெல்லாம் ஊரு திரும்புச்சு. இங்க இருக்கற யாருக்கும் இதைக் கேட்டதும் ஐரோப்பாவுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்சிப் பொருளாக்கின நம்ம நாட்டு கோய்கோய் பொண்ணு சாரா பார்ட்மன் நினைப்பு வராம இருக்காது. 1815ல பாரிஸ்ல செத்தவங்க, அவங்க உடம்பை 1974 வரைக்கும் காட்சிக்கு வெச்சிருந்தாங்க, 2002 ஆகஸ்ட் 9ஆம் தேதிதான் ஹேங்கியில அடக்கம் நடந்துச்சு. ரெண்டுமே ஆராய்ச்சிங்கற பேர்லதான் நடந்துச்சு. அப்புறம் ரெசொல்யூட்னு ஒரு ஊரு, கனடாவோட வடகோடியில, ஆராய்ச்சிக்குப் போற விஞ்ஞானிங்க நிறைய பேர் அங்க வந்துதான் சின்ன விமானம் ஏறுவாங்க. அந்த ஊர் ஜனங்களே 1950-கள்ல தெற்குல இருந்து அரசாங்கம் கொண்டு வந்து இறக்கினவங்க, இருட்டும் குளிரும் பழகாத இடம், திரும்பிப் போகலாம்னு சொன்ன வார்த்தையும் காப்பாத்தல, 2010லதான் மன்னிப்புக் கேட்டாங்க. நிறவெறிச் சட்டத்தால வீட்டைக் காலி பண்ண வெச்சு சாட்ஸ்வொர்த்துக்கு எங்க வீட்டுப் பெரியவங்களை எப்படிக் கொண்டு வந்து சேத்தாங்கன்னு தெரிஞ்சவங்களுக்கு நான் இதுக்கு மேல விளக்க வேண்டியதில்ல.

சரி, கலை எங்க வருது? என் வேலையே அதுங்கறதால இதுலதான் நான் ரொம்ப நேரம் செலவு பண்ணேன்.

1880-கள்ல குஸ்தாவ் ஹோம்ங்கற டேனிஷ் அதிகாரி கிழக்கு கிரீன்லாந்துக்குப் போனப்போ, கூனிட்ங்கற ஒருத்தர் அவருக்கு மரத்துல செதுக்கின மேப் குடுத்தாரு. கடற்கரையோட வளைவு நெளிவு, ஃபியோர்டு உள்ள போறது, முனை வெளிய நீட்டறது எல்லாம் மரத்தோட ஓரத்துல வெட்டியிருக்கும், ஒரு பக்கமா மேல ஏறி அப்படியே அடுத்த பக்கமா கீழ இறங்கி வரும். இன்னொரு கட்டை தீவுகளுக்கு. படத்தைப் பாத்துட்டு ரொம்ப நேரம் நான் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன், இது சிற்பமா மேப்பா? செஞ்சவருக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது.

கின்காய்ட்னு கனடா வடக்குல பாஃபின் தீவை ஒட்டி ஒரு ஊரு, 1950-களோட கடைசியிலேர்ந்து அங்க பிரிண்ட் மேக்கிங் ஸ்டுடியோ நடக்குது, கூட்டுறவு சங்கம் வெச்சு. கெனோஜுவாக் ஆஷிவாக் 1960ல போட்ட ஆந்தைப் படம் 1970ல கனடா தபால்தலையில வந்துச்சு. பிட்சியோலாக் அஷூனா தன் சின்ன வயசுல கூடாரம் போட்டு ஊர் ஊரா அலைஞ்ச வாழ்க்கையை வரைஞ்சு வெச்சாங்க, எந்தக் காலத்துல எங்க முகாம், தோலை எப்படிக் காய வெப்பாங்க, படகுல யார் எங்க உக்காருவாங்க. அதெல்லாம் பருவநிலை ஆராய்ச்சி பண்றவங்களுக்குச் சாதாரண தகவல் இல்ல. டிம் பிட்சியுலாக் அதே ஊரு வேட்டைக்காரர், அவர் வரைஞ்ச பெலுகா திமிங்கலம் 2013ல கனடாவோட 25 சென்ட் காசுல வந்துச்சு. திமிங்கலத்தோட உடம்பு தண்ணியில எப்படித் திரும்பும்னு பல வருஷம் பாத்த கண்ணு அது. எங்க ஸ்கூல் பசங்களுக்கு அந்தப் படங்களைக் காட்டினேன், துடுப்பு எந்த இடத்துல மடங்குதுன்னு ஒரு பையன் கேட்டான், படத்தைத் தொட்டுத் தொட்டுப் பாத்து தானே கண்டுபிடிச்சான்.

அப்புறம் எதிர்த்துப் பேசற கலை. நார்வேயில ஸாமி மக்கள் ரெயின்டீர்ங்கற பனிப் பிரதேச மான் கூட்டம் மேய்க்கறவங்க. மேய்ச்சல் நிலம் தாங்காதுன்னு கணக்குப் போட்டு அரசாங்கம் ஒவ்வொருத்தரும் மந்தையைக் குறைக்கணும்னு சட்டம் போட்டுச்சு. ஒரு இளைஞனை 75 மானுக்குக் குறைக்கச் சொன்னாங்க, அதை வெச்சு பொழைக்க முடியாதுன்னு அவன் கேஸ் போட்டான். அவனோட அக்கா மாரெட் ஆன்னெ ஸாரா ஒரு ஆர்ட்டிஸ்ட், 2016ல அந்தக் கோர்ட் வாசல்லயே 200 மான் தலையைக் குவிச்சு வெச்சாங்க. கீழ் கோர்ட்டுல தம்பி ஜெயிச்சான், 2017 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டுல தோத்துட்டான். அக்கா செஞ்ச இன்னொரு வேலை, மான் மண்டையோடுகளை வரிசையா கட்டித் தொங்கவிட்ட ஒரு பெரிய திரை, இப்போ ஆஸ்லோ தேசிய மியூசியத்துல நுழைஞ்சதும் கண்ணுல படற இடத்துல இருக்கு. அந்த நிலம் எத்தனை மானைத் தாங்கும்ங்கறது விஞ்ஞானக் கேள்விதான், ஒத்துக்கறேன். ஆனா சின்ன மந்தை வெச்சிருக்கறவன் கதி என்னன்னு யாரும் கேக்காத எடத்துல அந்த மண்டையோட்டைக் கொண்டு போய் வெச்சது கலை. ரிசல்ட்டுக்குக் கலர் அடிக்க மட்டும் ஒரு ஆர்ட்டிஸ்ட்டைக் கூப்பிட்டா இந்த மாதிரி ஒரு கேள்வி எங்க இருந்து வரும்?

மான் விஷயத்துல விஞ்ஞானமும் மேய்க்கறவங்களும் சேந்து நல்லது பண்ணினதும் இருக்கு. சைபீரியாவுல யமல் தீபகற்பத்துல 2013 நவம்பர்ல பனி மேல மழை பெஞ்சு, அது உறைஞ்சு கெட்டியா ஐஸ் மூடிடுச்சு, மான் குளம்பால தோண்டி அடியில இருக்கற பாசியை எடுக்க முடியல, 61,000 மான் பட்டினியில செத்துச்சு. எந்த நாள், எந்தப் பக்கம், எவ்வளவு கெட்டின்னு நெனெட்ஸ் மேய்ப்பர்கள் சொன்னதையும், சாட்டிலைட்ல பாத்த கடல் ஐஸ் குறைஞ்சதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுத்தான் ஏன் இப்படி ஆச்சுன்னு கண்டுபிடிச்சாங்க.

இதுக்கெல்லாம் வடக்கே போக வேண்டியதே இல்லன்னு எனக்கு அப்புறம்தான் உறைச்சுது. டர்பன்ல இருந்து காரை எடுத்தா சில மணி நேரத்துல டிராகன்ஸ்பெர்க் மலை, அங்க காம்பெர்க்ல கேம் பாஸ் குகை. சாகற நிலையில தலை தொங்கிப் பின்னங்கால் பின்னிக்கிட்டு நிக்கற ஒரு ஈலண்ட் மான், அதோட வாலைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மனுஷன், அவன் காலும் அதே மாதிரி பின்னியிருக்கு. ரொம்ப நாள் வெள்ளைக்கார அறிஞர்கள், இங்கத்துப் பூர்வகுடியான சான் மக்களோட இந்தப் படத்தையெல்லாம் சும்மா வேட்டைப் படம், பொழுதுபோக்குன்னு நெனச்சாங்க. 1870-கள்ல கேப் டவுன்ல வில்ஹெல்ம் பிளீக்கும் லூசி லாய்டும், சிறையில இருந்த சான் ஆளுங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து அவங்க சொல்லச் சொல்ல எழுதின நோட்டு இருக்கு, பன்னிரண்டாயிரம் பக்கத்துக்கு மேல, இப்போ யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. நூறு வருஷம் கழிச்சு டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ்ங்கற ஆராய்ச்சியாளர் அந்த நோட்டையும் காலஹாரி பாலைவனத்து சான் மக்கள் சொன்னதையும் வெச்சு, இது நோய் தீக்கற ஆட்டத்துல சாமி வந்து ஆடறவரோட அனுபவம்னு சொன்னாரு. அவர் சொன்னதுல சிலருக்கு ஒப்புதல் இல்ல, அது இருக்கட்டும். அந்த ஜனங்களோட வார்த்தையைப் படிக்காம படத்தைப் பாத்தவங்களுக்கு ஒண்ணுமே தெரியலங்கறதுதான் எனக்கு முக்கியம். காவடி ஆட்டம் பாத்து வளந்த நம்ம ஜனங்க அந்தக் குகை முன்னாடி நின்னா, யாரும் சொல்லாமலே கொஞ்சம் புரியும்.

அந்த சான் மக்கள்தான் 2017ல ஆராய்ச்சிக்குன்னு தங்களோட சொந்த ஒழுங்குமுறையை எழுதி வெளியிட்டாங்க. 2010ல நாலு சான் பெரியவர்களோட மரபணு விவரம் பெரிய பத்திரிகையில வந்தப்போ, அவங்க தலைவர்கள்கிட்ட கேக்கவே இல்ல, கட்டுரையில போட்டிருந்த சில விஷயம் அவங்களைப் புண்படுத்திச்சு, அந்தக் கோவமும் இதுக்கு ஒரு காரணம். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறைன்னு எல்லாருக்கும் புரியற பாஷையில எழுதியிருக்காங்க, எங்களைப் பத்தி எழுதறதை வெளியிடறதுக்கு முன்னாடி எங்ககிட்ட கொண்டு வந்து காட்டணும்னு கேட்டிருக்காங்க. அடுத்த வருஷம், 2018ல, கனடா இன்யூட் மக்களோட தேசிய அமைப்பு ஒரு ஆராய்ச்சிக் கொள்கை வெளியிட்டுச்சு. எது ஆராயணும்ங்கற முடிவுல எங்களுக்கு அதிகாரம், நிதி எங்க தேவைக்குப் போகணும், டேட்டா எங்க கையில இருக்கணும், எங்க பசங்களுக்குப் பயிற்சி வேணும்னு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் படிச்சேன். ஒண்ணு பாலைவனத்துல எழுதினது, இன்னொண்ணு ஐஸ்ல எழுதினது, கேக்கறது கிட்டத்தட்ட ஒண்ணையேதான்.

கேக்காம போனா என்ன ஆகும்னு ஒரு உதாரணம் போதும். வெயிலை மறைக்க வானத்துல துகள் தூவலாமாங்கற ஆராய்ச்சிக்காக ஹார்வர்ட் குழு ஒண்ணு ஸ்வீடன்ல கிருணாவுல பலூன் ஓட்டிப் பாக்க இருந்துச்சு, துகள் தூவறதில்ல, கருவியை மட்டும் சோதிக்கறது. அங்க ஸாமி மக்கள்கிட்ட யாரும் பேசல. ஸாமி கவுன்சில் எழுத்துல எதிர்ப்புத் தெரிவிச்சதும் 2021ல அந்தச் சோதனை நின்னுச்சு, 2024ல அந்த ப்ராஜெக்ட்டையே மூடிட்டாங்க.

கேட்டு செஞ்சா எப்படி இருக்கும்ங்கறதுக்கும் இருக்கு. கனடாவோட கிழக்குக் கரையில லாப்ரடார்ல நெயின்ங்கற இன்யூட் ஊர்ல 2009-10 குளிர்காலத்துல ஐஸ் சரியா உறையல, பழகின பாதையிலயே ஜனங்க தண்ணிக்குள்ள விழுந்தாங்க. அதுலேர்ந்து பொறந்ததுதான் ஸ்மார்ட் ஐஸ், ஸ்னோமொபைலுக்குப் பின்னாடி இழுத்துக்கிட்டுப் போற சறுக்கு வண்டியில ஐஸ் எவ்வளவு கனம்னு அளக்கற சென்சார், ஓட்டறது உள்ளூர் ஆளுங்க, எந்தப் பாதையை அளக்கணும்னு முடிவு பண்றதும் அவங்க. ஹட்சன் விரிகுடாவுல சானிகிலுவாக்ல இருந்து வந்த சிகுங்கற ஆப் 2019ல வெளியாச்சு, ஐஸ் நிலவரம், வேட்டை, பறவை எல்லாம் பதியலாம், பதிஞ்சவங்களுக்கே டேட்டா சொந்தம், யார் பாக்கலாம்னு அவங்கதான் சொல்லணும்.

இதையெல்லாம் சொல்லி முடிச்சதும் அண்ணன் மக கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அத்தே, நம்ம பெரிய தாத்தா வலை இழுத்தவர்தானே"ன்னா. ஆமா. டர்பன் பீச்சுல மத்தி மீன் வர்ற காலத்துல படகைத் தள்ளிக்கிட்டுப் போய், மீன் கூட்டத்தைச் சுத்தி வலை போட்டு, கரையில இருந்து கயிறு பிடிச்சு இழுக்கற நம்ம தமிழ் ஆளுங்க எத்தனை குடும்பம் இருந்தாங்க. கேனட் பறவை எங்க செங்குத்தா விழுதுன்னு பாத்து, தண்ணியில கால் வெச்சு குளிர் எவ்வளவுன்னு பாத்து, இன்னிக்கு வரும் வராதுன்னு சொல்லுவாங்க. 2021ல வந்த ஒரு ஆராய்ச்சி மரபணுவை வெச்சு, இந்தப் பக்கம் ஓடி வர்ற மத்தி பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கத்துக் குளிர் தண்ணியில பொறந்தது, குளிர்ந்த தண்ணி கரையோரமா வரும்போது அதோட வந்து, அப்புறம் வெதுவெதுப்பான கடல்ல மாட்டிக்குதுன்னு சொல்லுச்சு. எந்த வருஷம் சீக்கிரம் வந்துச்சு, எந்த வருஷம் வரவே இல்ல, அப்போ காத்து எப்படி அடிச்சுதுங்கற கணக்கு நம்ம வீட்டுப் பெரியவங்க தலைக்குள்ள இருக்கு, யாரும் எழுதி வெக்கல.

அதனால நாங்க ரெண்டு பேரும் ஒண்ணு ஆரம்பிக்கறோம். டர்பன், சாட்ஸ்வொர்த், மேர்பேங்க் பக்கம் வலை இழுத்த குடும்பம் யாராவது இதைப் படிச்சா, உங்க வீட்டுத் தாத்தா, ஆயா, பெரியப்பா யாரா இருந்தாலும், முதல்ல அவங்ககிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க: இந்தக் கடலைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்? நாங்க என்ன கேக்கணும்ங்கறதை அவங்க சொல்லட்டும். ரெக்கார்ட் பண்ற ஆடியோவும், அவங்க மணல்லயோ பேப்பர்லயோ போட்டுக் காட்டற படமும் உங்க குடும்பத்துகிட்டயே இருக்கும், காப்பி வேணும்னா நாங்க கேட்டு வாங்கிக்கறோம், எங்கயாவது வெளியிடறதா இருந்தா முதல்ல உங்க வீட்டுக்கு வந்து படிச்சுக் காட்டறோம். ஜூன்ல மீன் வந்துடும், வலை இறங்கற நேரத்துல பெரியவங்களுக்குப் பேச நேரம் இருக்காது, அதனால மே மாசத்துக்குள்ள சொல்லுங்க.